தையல் பிரிச்ச கையோட

பூமாலை: பையக் கீழ வைங்க. மொதல்ல கீழ வைங்க.

ராஜாமணி: துணிப்பைதான்… ரெண்டு லுங்கி இருக்குது.

பூமாலை: திண்டிவனத்துல பொண்ணு வூட்ல படுத்துக்கினு இருக்க வேண்டிய மனுஷன், கோலியனூர்ல வந்து நிக்கிறீங்க. அருணாவுக்குத் தெரியுமா?

ராஜாமணி: அவ வேலைக்குப் போயிட்டா. போன்ல சொல்லிக்கலாம்னு…

பூமாலை: ஹெர்னியா ஆப்ரேஷன் பண்ண ஒடம்பு, பஸ்ல குலுங்கிக்கினு வந்திருக்குது. நின்னுக்கினா வந்தீங்க?

ராஜாமணி: சீட்டு கெடச்சிது. தையல் பிரிச்சாச்சி, புண்ணும் காஞ்சி போச்சி. நல்லா தேறிட்டேன்னு டாக்டரே சொல்றாரு. நடக்கச் சொன்னதே அவருதான்.

பூமாலை: நடக்கச் சொன்னாரு. மூட்ட தூக்கச் சொன்னாரா? நீங்க எதுக்கு ஓடி வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா… மல்லாட்டைக் கடல மூட்ட மூட்டையா களத்துல கெடக்குதேன்னுதான?

ராஜாமணி: களத்துல ஒண்ணும் இல்ல. பாத்துட்டுதான் வர்றேன். மூட்டையெல்லாத்தையும் வூட்டுக்கு யாரு தூக்கினாந்தது?

பூமாலை: ஆளு வெச்சேன்.

ராஜாமணி: எந்த ஆளு?

பூமாலை: …தமிழ்மணி.

ராஜாமணி: தமிழ்மணி என்கூடத்தான் பஸ்ல வந்தான். ஒரு வாரமா மயிலத்துல அவங்க அக்கா வூட்ல இருந்தானாம்.

பூமாலை: இன்னா, போலீஸ் மாதிரி கேட்டுக்கினு… நான்தான் தூக்கினேன். மழ வந்து நனையட்டும்னு வுடச் சொல்றீங்களா? எத்தினி வருஷம் வலிய மறச்சிக்கினு, வாயு வாயுன்னு சொல்லி என்ன ஏமாத்தினீங்க. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா கொடலே அழுவிப் போயிருக்கும்னு விழுப்புரத்துல அந்த டாக்டரு சொன்னப்ப, கட்டினவளுக்குக் கூடவா தெரியாதுன்னு என்னத்தான் கேட்டாரு. அந்த கோவம் இன்னும் எனக்கு ஆறல.

ராஜாமணி: உன் கோவம் ஞாயந்தான். இப்ப நான் கோவமா வந்திருக்கேன்.

பூமாலை: உங்களுக்கு இன்னா கோவம்?

ராஜாமணி: ஞாயித்துக்கெழம என்னப் பாக்க வந்தியே. சோபாலேர்ந்து எழுந்துக்கும்போது தொப்புள் பக்கம் கைய வெச்சி அமுக்கிக்கினு எழுந்த.

பூமாலை: அது… சும்மா புடிச்சிக்கிச்சி.

ராஜாமணி: இருமும்போதும் கை அங்கதான் போச்சி. நானும் அப்டிதான் அமுக்கிக்கினு திரிஞ்சேன், எனக்குத் தெரியாதா? அங்க பொடைப்பு இருக்குதா, இல்லியா?

பூமாலை: இருங்க, குடிக்கத் தண்ணி கொண்டாறேன்.

ராஜாமணி: பூமால, எத்தினி நாளா?

பூமாலை: …நம்ம கோபி பொறந்ததுலேர்ந்துங்க. அவனுக்கே இப்ப ரெண்டு புள்ளைங்க ஆயிடுச்சி.