ஆறு திருகுக் குக்கர்

காளான் வித்துக்குச் சோளம் வேகவைப்பது சோறு வடிப்பது மாதிரி இல்லை, மேடம். குழைந்தால் குப்பைக்குத்தான். நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும், தோல் வெடிக்கக் கூடாது. எனக்கு அது கைவந்த பக்குவம். அடி அண்ணாமலையில் காளான் வித்து வேண்டுமென்றால் சரோஜா வீடு என்று பெட்டிக்கடையில்கூட வழி சொல்வார்கள். கிரிவலப் பாதை லாட்ஜுகளுக்கு என் காளான்தான் போகும்.

கவியா என் கொழுந்தன் மனைவி. கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் காளானைக் குழம்பில் மட்டும்தான் தெரியும். வெந்த சோளத்தைத் துணியில் உலர்த்தி, சுண்ணாம்புத் தூள் கலந்து, பாட்டிலில் நிரப்பி, வாயில் பஞ்சு அடைக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நன்றி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அக்கா, அக்கா என்று என் பின்னாலேயேதான் சுற்றுவாள்.

பாட்டில்களைக் குக்கரில் அவித்து, ஆறவைத்து, தாய் வித்தைப் போட்டு மூடிவைத்தால் உள்ளே காளான் இழை வெள்ளையாகப் படர வேண்டும். போன ஆடியிலிருந்து என் பாட்டில்களில் பச்சைப் பூஞ்சணம் வர ஆரம்பித்தது. கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் காலையில் என் பாட்டில் ஒவ்வொன்றிலும் பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. வீட்டுக்குத் தூரமான நாட்களில் கவியாவை அந்த அறைப் பக்கமே விடவில்லை. அப்படியும் என்னுடையது பச்சை பூத்தது, அவள் போட்டது பாலாக வெளுத்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கீழ்பென்னாத்தூரிலிருந்து மகளிர் குழுப் பெண்கள் வேன் பிடித்து என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். பச்சை ஏன் வருகிறது என்று ஒருத்தி கேட்டாள். சோளத்தில் ஈரம் ஜாஸ்தி என்றேன்.

“இல்லக்கா, நீங்க தெனமும் பஞ்ச எடுத்து எடுத்துப் பாக்கறீங்கல்ல, அதனாலதான் பூக்குது. மூடுனா மூடுனபடியே வுட்டுடணும்” என்றாள் கவியா.

குத்திக்காட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தவள், எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். அத்தனை பேரும் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். உள்ளே கொதித்த கொதிப்பு எனக்குத்தான் தெரியும்.

எங்களுடையது சாதாரணக் குக்கர் இல்லை. மூடியைச் சுற்றி ஆறு திருகு உள்ள பெரிய குக்கர். அடுப்பை அணைத்து, ஆவியை முழுக்க வெளியே விட்ட பிறகுதான் திருகைத் தளர்த்த வேண்டும். ஆவி விடுவது என் வேலை, மூடி திறப்பது அவள் வேலை. என்னைக் கேட்காமல் திருகில் கை வைக்க மாட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள்.

“ஆவி வுட்டுட்டீங்களாக்கா?”

“எப்பவோ வுட்டாச்சு, தொற.”

ஆவியை நான் விடவில்லை. வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டேன். மூடி எகிறிக் கூரையில் போய் மோதியது. கொதிநீரும் பாட்டில் சில்லும் அவள் முகத்தில். இரண்டு கண்ணும் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் உங்கள் ஆட்கள் விசாரித்தபோது அவள், “அக்கா மேல தப்பு இல்ல சார். அவங்களுக்கு அந்தக் குக்கரப் பத்தி அவ்ளோவா தெரியாது” என்று சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் வேணுவும் ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார். பாவம், தெரியாமல் செய்துவிட்டேனாம்.

கண் போன பிறகும் அவளுக்கு அந்தத் திமிர் அடங்கவில்லை, பாருங்கள். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். குக்கருக்குள் எவ்வளவு ஆவி இருக்கிறது என்று அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடுவேன் நான். திருகு தளர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்துதான் திறக்கச் சொன்னேன்.