பதினோரு காசு ஃபியூஸ்

ஓர் உயிரின் விலை பதினோரு காசு. நான் வைத்த விலை அல்ல. அவர்கள் கேட்டது பதினான்கு. பேசிப் பேசிப் பதினொன்றுக்கு இறக்கியது மட்டும்தான் என் வேலை.

எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலம்தானே, நிதானமாகவே சொல்கிறேன். கை வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை.

எங்கள் கம்பெனி தயாரிப்பது தொட்டில் விளக்கு. சார்ஜ் போட்டுத் தொட்டிலருகே வைத்தால் மங்கலாக எரியும், தாலாட்டுப் பாடும். உள்ளே பேட்டரி. அது அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்க, அரிசி மணி அளவில் ஒரு ஃபியூஸ். முதலில் நான் சொன்னது அதன் விலை. அதைப் போல நூற்றுப்பத்துச் சாமான்களை வாங்கிப் போடும் கொள்முதல் மேலாளர் நான். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். பிறந்த ஆஸ்பத்திரியிலேயே கட்டில் வாடகையைப் பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அந்த ஃபியூஸைச் செய்தவை இரண்டே கம்பெனிகள். ஒன்றின் விற்பனையாளர் நெட்டையர், மற்றவர் கண்ணாடிக்காரர். இருவரையும் ஒரே நாள், ஒரே மணிக்கு வரச்சொல்வேன். வாசலில் வருகைப் பதிவேடு இருக்கும். பின்னால் வருபவர் முன்னால் வந்தவரின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டும். பேனாவை வைக்கும்போதே முகம் சுருங்கிவிடும். பிறகு தனித்தனி அறை, தனித்தனி டீ. நடுவில் நான் செருப்புத் தேய நடப்பேன். டீ ஆறுவதற்குள் மூன்று காசு இறங்கிவிடும். என் சாமர்த்தியம் என்று முதலாளி மெச்சுவார். சாமர்த்தியமெல்லாம் அந்த இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவருடையது.

சென்ற வருடம் ஒரு காலை இருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். பதிவேட்டில் ஒரே வரியில் ஒருவர்தான் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே ரெண்டு ரூமு வேண்டாம் சார்" என்றார் கண்ணாடிக்காரர். "ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சு. டீயை இங்கேயே கொண்டாரச் சொல்லுங்க."

"சக்கரை கம்மியா" என்றார் நெட்டையர். அத்தனை வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

விலை முப்பத்து மூன்று காசு. பெரிய போன் கம்பெனிகளுக்குக் கொடுத்தது போக மீதி வந்தால் எங்களுக்கு, அதுவும் ஐந்து மாதம் கழித்து. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் மூன்று அந்த மாதமே ஷட்டரை இறக்கின. எங்களிடம் நாற்பதாயிரம் விளக்குக்கு ஆர்டர் இருந்தது. முந்நூறு பெண்கள் வேலை பார்த்தார்கள். கிடங்கில் மீதமிருந்த ஃபியூஸ் அறுபது.

ஃபியூஸ் உட்காரும் இடத்தில் ஒரு கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்தால் விளக்கு எரியும். நன்றாகவே எரியும். அசெம்பிளியில் இருந்த பெண்களிடம் புது மாடல் என்றேன். தரச் சான்றிதழுக்கும் கடைக்காரர்கள் கேட்ட மாதிரிக்கும் ஐம்பத்தொன்பது விளக்குகளில் அசல் ஃபியூஸ் வைத்தேன். ஐம்பத்தொன்பதும் தேறின. ஆக, அசலில் மிச்சம் ஒன்று.

எங்கள் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவைப் பார்ப்பவர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நான் நீட்டிய தட்டிலிருந்துதான் அவர் விளக்குகளை எடுத்துச் சோதித்தார். மச்சான் தட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

இரண்டு வீடுகளிலிருந்து விளக்கு கருகியதாகக் கடிதம் வந்தது. சார்ஜரை மாற்றிப் பாருங்கள் என்று மரியாதையாகப் பதில் எழுதினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை என் அறைக்கு ஒரு விளக்கோடு வந்தார்.

"மச்சான், பாப்பாவுக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன். மூணு மாசமாச்சு, இன்னும் ராத்திரியில எங்களைத் தூங்க விடல."

"தாராளமா. பில் போட்டுடுங்க."

"சொந்தத் தங்கச்சி புள்ளைக்குமா பில்லு? நல்ல தாய்மாமன்யா!"

"பில் போட்டாத்தான் மாப்பிள்ளை கியாரண்டி."

இருவரும் சிரித்தோம். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அது உங்களுக்குப் புரியும்.

உங்கள் அடுத்த கேள்வியும் தெரியும். மேசை இழுப்பறையில் அசல் ஃபியூஸ் ஒன்று இருந்தது. அதை அந்த விளக்கில் வைக்கப் பத்து நிமிடம் போதும். ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி வைத்து, சாயங்காலம் கொடுத்திருக்கலாம். யோசித்தேன். ஆனால் வியாழக்கிழமை ஃபியூஸ் விற்கும் அந்த இருவரையும் பார்க்கப் போக வேண்டியிருந்தது, அடுத்த ஆர்டருக்காக. வெறுங்கையோடு போனால் நம்மிடம் சரக்கில்லை என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அசல் ஒன்றை மேசையில் அலட்சியமாக உருட்டிவிட்டு, "கிடங்கு நிறைய இருக்கு, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்ல வேண்டும். சுவர் போய்விட்டது, என்னிடம் மிஞ்சியது அந்த அரிசி மணி ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம். குழந்தை தூங்குகிறது என்று தங்கை துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். பன்னிரண்டு துணிகள் என்று அவளே சொன்னாள். கடைசித் துணியை உதறும்போது புகை வந்ததாம்.

வியாழக்கிழமை நான் போனேன். தேதி கொடுத்தாகிவிட்டதே. ஃபியூஸை உருட்டினேன். முப்பத்து மூன்று இருபத்தொன்பதுக்கு இறங்கியது. அவர்கள் ஒன்றான பிறகு வேறு யாருக்கும் கிடைக்காத விலை அது.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை என் அறையில் உட்கார்ந்திருந்தார். கருகிய விளக்கைப் பிரித்து என் மேசையில் பரப்பியிருந்தார். திட்டவில்லை.

"மச்சான், இது கம்பி" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "இது கம்பி மச்சான்."

என்னிடம் கேட்டால் அந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்று சேர்ந்திருக்கக் கூடாது. அவர்கள் மட்டும் தனித்தனியாக வந்திருந்தால் பதினொன்றை ஒன்பதாக்கியிருப்பேன், எல்லோரும் நன்றாக இருந்திருப்பார்கள். இருந்தாலும், கம்பி வைக்கச் சொன்னது நான். தெரிந்தே சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்பிய விளக்குகள் நாற்பதாயிரம். விளம்பரம் கொடுத்துத் திரும்பப் பெற்றவை முப்பத்தோராயிரத்து இருநூற்றாறு. எரிந்தவை, தங்கை வீட்டையும் சேர்த்து, ஒன்பது. இன்னும் யார் யார் வீட்டுத் தொட்டிலருகிலோ இருப்பவை எட்டாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து.

கையிருப்பு ஒரு ஃபியூஸ். சட்டைப்பையில் இருக்கிறது. இன்றைய விலை இருபத்தொன்பது காசு.