சுவக்கினோட வலது கை

இல்ல மிஸ், அந்தக் கதிரை ஆடும். இங்கிட்டு, எனக்கு வலப்பக்கமா உக்காருங்க. இடது காது கேக்காது. நீங்க கொண்டு வந்த செயற்கைக் கைய அப்புறமா எடுக்கலாம், அவசரமில்ல. எங்க வீட்டுக்காரரு பேராதனையில தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு. ஆமா, போன தடவயும் அங்கதான். பகல் பஸ்ஸுல வந்துருவாரு, அதுக்குள்ள பேசிருவோம்.

அவரு கை எப்படிப் போச்சுன்னா... பல்லேகலையில தகரம் அடிக்கிற பெக்டரி, சோத்துப்பெட்டி மூடி செய்றது. அந்த பிரஸ் மெசின் இருக்கே, ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்குனாத்தான் மேல இருந்து விழும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னுதான் அப்படி. வேல ஓடலன்னு சூப்பர்வைசரு ஒரு பட்டன்ல மரத்துண்டச் சொருகி விட்டுட்டாரு. அப்புறம் இடது கை அமுக்கும், வலது கை தகரத்த வைக்கும். அன்னைக்கு தகரம் கோணிக்கிச்சு, நேராக்க வலது கைய விட்டிருக்காரு. இடது கை பழக்கத்துல அமுக்கிருச்சு.

எலும்பும் தகரமும் ஒண்ணா ஒட்டிக்கிச்சாம் மிஸ். மூடியோட விளிம்பு சதையில அச்சுக் குத்துனாப்ல இருந்துச்சாம். பிரஸ்ஸ மேல தூக்குனப்ப கையும் கூடவே போச்சாம், அவரையும் இழுத்துக்கிட்டு. பக்கத்துல நின்ன லக்ஸ்மன் எங்கிட்ட இதச் சொல்லும்போதே வாந்தி எடுத்துட்டான். மெசினக் கழுவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் வேற ஆளப் போட்டுட்டாங்க. மரத்துண்டையும் காணோம். இப்ப நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்குல, ரெண்டு பட்டனும் சரியாத்தான் இருந்துச்சு, அந்தாளுதான் கவனமில்லாம கைய விட்டாருங்கிறாங்க. ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள போன கை யாரு கைன்னு கேக்க ஒருத்தரும் இல்ல.

பெரியாஸ்பத்திரியில டொக்டரு வெளிய வந்து, கைய எடுத்துட்டோம்னாரு. அழுதேன். எல்லாரும் தேத்துனாங்க. அப்புறம் அந்த பெஞ்சுலயே தூங்கிட்டேன் மிஸ். கல்யாணம் கட்டுனதுல இருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்குனதில்ல.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? இந்தக் காது பொறவியிலயே இப்படி இல்ல. சேச்சே, குடியெல்லாம் இல்ல. ஒரு சொட்டு தொடமாட்டாரு, ஞாயித்துக்கிழம பூச தவறமாட்டாரு. அதான் அடி குறி தப்பாது. கைய மடக்கி இந்தப் பக்கத்துலயே குத்துவாரு. ரத்தம் வந்துச்சு, சீழ் வந்துச்சு, அப்புறம் சத்தமே வரல. ஒரு தடவ தாட நழுவி, கஞ்சிய உறிஞ்சிக்கிட்டுக் கெடந்தேன். முடியச் சுருட்டிப் புடிச்சு செவுத்துல மோதுவாரு. வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துச் செவுறு மிஸ், பக்கத்து வீட்டுல இருமுனா இங்க கேக்கும். ஆனா நான் கத்துனது யாருக்கும் கேக்கல.

இப்பவா? இடது கையால ஒரு தடவ ஓங்குனாரு. எம் மேல படாம செவுத்துல பட்டுச்சு. அப்படியே உக்காந்து அழுதாரு, நான்தான் போய்ப் புடிச்சுக்கிட்டேன். சோறு பெசஞ்சு ஊட்டுறேன், குளிப்பாட்டி விடுறேன். பாக்கப் பாவமாத்தான் இருக்கு. கை குடுக்குறவங்க வந்தாங்களான்னு தெனமும் கேக்குறாரு. வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வர்ற நாளாப் பாத்து தங்கச்சி வீட்டுக்கு அனுப்புறதும் நான்தான்.

சரி, எடுங்க பாப்போம். அம்மாடி, நல்ல கனம். உள்ள இரும்பா? தோளுல வார் மாட்டணுமா... ஓ, தோள அசைச்சா வெரலு மடங்குமா. இறுக்கிப் புடிக்குமா? எவ்வளவு இறுக்கமா?

ம்.

பைக்குள்ள வச்சிருங்க மிஸ், அந்தா பஸ்ஸு ஏறி வருது. கையே வேணாம்னு நான் சொல்லல, மனுசன் எத்தன நாளைக்கு மொண்டிக் கையோட இருப்பாரு. வெரலு மடங்காததா ஒண்ணு இருந்தா கொண்டாங்க.