பாதி தீர்ந்த பேனா

ஓனோ: ...பேச்சை மாத்தாத விப்கே. இந்தப் பேனா யாருக்கு?

விப்கே: என் கோட்டுப் பையைத் துழாவுனியா?

ஓனோ: துழாவல. கோட்டை எடுத்து மாட்டுனேன், பொத்துனு விழுந்துச்சு.

விப்கே: டீ ஆறுது. குடி.

ஓனோ: யாருக்கு?

விப்கே: தாலேயாவுக்கு. எங்க சலவைக்கூடத்துல அவளுக்கு இது கடைசி வாரம். எல்லாரும் சேந்து ஒரு பரிசு...

ஓனோ: பரிசா! இந்தக் கண்ணாடி மாதிரி இருக்கிற இடத்தைப் பாரு. பாதி மை காலி. பாதி குடிச்ச பாட்டிலை யாராவது பரிசா குடுப்பாங்களா?

விப்கே: கடையில நாலு பேரு கிறுக்கிப் பாத்திருப்பாங்க.

ஓனோ: நாலு பேரா? நம்ம லேர் ஊரே வரிசையில நின்னு கிறுக்குனாத்தான் இவ்வளவு தீரும்.

விப்கே: கொடு இப்படி.

ஓனோ: இரு, இரு... நல்லா இருக்கே இது! பிடிக்கிற இடம் மெத்துனு... விரல் தானா போய் உக்காருது. அழுத்தவே வேண்டாம், ஓடுது பாரேன்.

விப்கே: ஐயோ, வீணா கிறுக்காத! மூடி வை!

ஓனோ: உனக்கு ஏன்டி இவ்வளவு பதட்டம்? கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்டுல பேனா பிடிச்சவன் நான் ஒருத்தன்தான். கிறிஸ்துமஸ் கார்டுலேர்ந்து உன் லீவு லெட்டர் வரைக்கும். நீ கையெழுத்தைத் தவிர...

விப்கே: தெரியும். சொல்லிக் காட்டாத.

ஓனோ: சொல்லிக் காட்டல. எழுதத் தெரியாதவ பையில பாதி தீர்ந்த பேனா இருந்தா, புருஷன் என்னன்னு நெனைக்கிறது?

விப்கே: என்ன நெனைச்சே?

ஓனோ: ...ஏய், போதும்னு கரண்டியைக் கப்புக்குள்ள போடுறியே. எப்பவும் மூணு கப்பு குடிக்கிறவ, ரெண்டாவதுதான் ஆச்சு.

விப்கே: எனக்குப் போதும்.

ஓனோ: டீ போதும். பேச்சு முடியல. செவ்வாய்க்கிழமை ஆனா நீச்சலுக்குப் போறே. வர்றப்போ தலைமுடி காஞ்சு கெடக்குது.

விப்கே: தொப்பி போட்டுக்குவேன்.

ஓனோ: துண்டுக்குமா தொப்பி? நான் மடிச்சு வச்ச மடிப்பு அப்படியே திரும்பி வருது.

விப்கே: துண்டை இப்ப எதுக்கு இழுக்கிறே?

ஓனோ: யாரு அந்த ஆளு?

விப்கே: ஆளா! ஓனோ... இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் ஆளு வேற தேடிட்டு அலையறேனா!

ஓனோ: சிரிக்காத. பேரைச் சொல்லு.

விப்கே: கெசீனா.

ஓனோ: பொம்பளையா?

விப்கே: டீச்சர். மாலைப் பள்ளியில, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர்றா. இலையுதிர் காலத்துலேர்ந்து போறேன்... என்ன அப்படிப் பாக்குறே?

ஓனோ: சொல்லு, சொல்லு.

விப்கே: மொதல்ல சும்மா கெடந்த பால்பாயிண்ட்தான். பயத்துல அழுத்தி அழுத்தி தாளே கிழிஞ்சுது. மணிக்கட்டு வீங்கிருச்சு. "ரோலர்பால் பேனா வாங்குங்க, தானா வழுக்கிட்டுப் போகும்"னு கெசீனாதான் சொன்னா. கடைக்குப் போனா, அந்தக் கடைக்காரரு "எதையாவது எழுதிப் பாருங்க"ன்னு தாளை நீட்டுறாரு! எனக்கு வேர்த்துக் கொட்டுது.

ஓனோ: கண்ணாடி மறந்துட்டேன், கை சுளுக்கிருச்சுன்னு... எப்பவும் சொல்றதைச் சொல்ல வேண்டியதுதானே?

விப்கே: வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. எழுதுனேன்.

ஓனோ: என்னன்னு?

விப்கே: உன் பேரு, Onno. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு வட்டம், நடுவுல ரெண்டு மேடு. வேற எவனையாவது கட்டியிருந்தா அன்னிக்கு மாட்டியிருப்பேன்.

ஓனோ: ...இதை ஏன் எங்கிட்ட மறைச்சே?

விப்கே: கல்யாணமான புதுசுல, இதே மேசையில உக்காந்து எழுதிப் பழகுனேன். "உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், நான் இருக்கேனே"ன்னே.

ஓனோ: பாசத்துலதானே சொன்னேன்!

விப்கே: பாசத்துலதான். ஆனா அன்னிக்குக் கீழ வச்ச பென்சிலை அப்புறம் நான் எடுக்கவே இல்ல ஓனோ. ஒரு தடவை சலவைக்கூடத்துல ஷிஃப்ட் பொறுப்பு தர்றோம்னு கூப்பிட்டாங்க. முதுகு வலின்னு சொல்லித் தட்டிக் கழிச்சேன். முதுகா காரணம்? வேலை முடிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னு அடுத்த ஷிஃப்ட்டுக்கு எழுதி வைக்கணும். அதான் பயம். இப்ப மறுபடி கேட்டாங்க, சரின்னுட்டேன். திங்கக்கிழமைலேர்ந்து.

ஓனோ: தப்பு வந்தா?

விப்கே: வரும். அடிச்சுட்டுத் திருத்துவேன்.

ஓனோ: அப்ப இனிமே இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?

விப்கே: வருமான வரி ஃபாரம் உனக்கே. அதை நான் தொடக்கூட மாட்டேன்.

ஓனோ: ரொம்பத் தாராளம்.

விப்கே: கோவமா?

ஓனோ: ச்சே... அங்க எல்லாரும் நல்லாப் பழகுறாங்களா?

விப்கே: தங்கமானவங்க. அந்தப் பள்ளிக் காவல்காரர் கூட! ஒரு நாள் மழையில போய் இறங்குறேன், சைக்கிள் டயர் தரையோட ஒட்டிக் கெடக்குது. வகுப்பு முடிஞ்சு வந்து பாத்தா, கல்லு மாதிரி காத்து! அவருதான் அடிச்சு வச்சிருக்காரு. மறுவாரம் ஆப்பிள் கேக் செஞ்சு எடுத்துட்டுப் போய் அவருக்குக் குடுத்தேன். மனுஷன் திருதிருன்னு முழிச்சாரு, ஆனா வாங்கிக்கிட்டாரு.

ஓனோ: முழிக்காம என்ன செய்வாரு? அன்னிக்கு மழை கொட்டுதேன்னு குடையைத் தூக்கிட்டு நீச்சல்குளத்துக்கு வந்தேன், அது ரிப்பேர்னு பூட்டிக் கெடக்குது. திரும்பி வர்ற வழியில பள்ளி வாசல்ல உன் சைக்கிள். ஜன்னல்ல எட்டிப் பாத்தா, நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதிட்டிருக்கே... மறுபடியும் குறுக்க வந்து எதையாவது சொல்லித் தொலைச்சிருவேனோன்னு பயந்து, காத்தை மட்டும் அடிச்சு வச்சுட்டு வந்துட்டேன். நீயா சொல்லுவேன்னு அன்னிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன், அதான் ஆளு யாருன்னு சீண்டுனேன்... கேக்கை அந்த ஆளுக்கா குடுத்தே?