மாமனார் எதிரில் மருந்துக்கடையில்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! வெண்தாடி வேந்தர்களான மூத்தவர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் மந்தையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! குதிரையை வெளியே கட்டிவிட்டுக் காதை உள்ளே கொண்டுவந்திருக்கும் மேய்ப்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

மருந்துக்கடையில் என்ன கேட்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். அதனால் நம் மேய்ப்பர் அசங்குல் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குட்டி போடும் காலம். ஆடுகளுக்குப் பேறு பார்த்த அசங்குலுக்கு ஆட்டுக்காய்ச்சல் பிடித்தது. மாலையானால் உடம்பு கொதிக்கும், மூட்டெல்லாம் முறியும். மருத்துவர் ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். அசங்குல் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. கொடுத்த கையைக் கேள்வி கேட்பது நமக்குப் பழக்கமா?

வீட்டில் சாப்பாட்டு விரிப்பின்மேல் ரொட்டி. ரொட்டிக்குப் பக்கத்தில் மாத்திரை. பக்கத்துக் கூடாரத்து ஜப்பார் வந்தார். "எனக்கும் முட்டி வலிக்குது, அண்ணே." "எடுத்துக்கோ தம்பி." அடுத்தவர் வந்தார், எடுத்தார். தனியாகத் தின்னும் மனிதனை இந்த மலை மதிக்குமா? மதிக்காது! ஒரே வாரத்தில் பெட்டி காலி. காய்ச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

யாரம்மா அங்கே சிரிப்பது? உங்கள் வீட்டிலும் அப்படித்தானா? இருக்கட்டும்.

மருத்துவர் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடியும் எழுதினார். மருமகள் பெர்மெத்துக்கும் அப்போது காய்ச்சல். வயிற்றில் ஐந்து மாதம். புருஷன் ரஷ்யாவில் கூலி வேலையில். "இந்தத் தடவ மருமகளுக்கும் ஒரு பங்கு வைக்கணும்" என்று சொல்லியே அசங்குல் அவளைக் கடைக்குக் கூட்டிப் போனார். அன்பில் குறையா? இல்லை! அறிந்து செய்தாரா? அதுவும் இல்லை!

நம் வீட்டு மருமகள் மாமனார் எதிரில் வாய் திறப்பாளா? வந்து ஒரு வருடம். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

மருந்துக்கடைக்காரி ஜீபெக் பெட்டியை நீட்டினாள். அசங்குல் இரண்டு கையாலும் வாங்கித் திரும்பினார். பெர்மெத் நகரவில்லை.

"நகரும்மா, ஆட்டுக்கு ஊசி வாங்கணும்" என்றான் பின்னால் நின்றவன்.

"உன் ஆடு ஓடிறாது, நில்லு" என்றாள் பெர்மெத். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்தபடியே கேட்டாள்: "அக்கா, மாமா இதுல எனக்கும் பங்கு தரப்போறாரு. நான் முழுகாம இருக்கேன். தின்னலாமா?"

"ஐயோ, தொடாத தாயி! இது அவருக்கு எழுதினது. பிள்ளைக்கு ஆகாது. இப்பவே டாக்டரம்மாகிட்டப் போ, உனக்கு வேற தருவாங்க."

"மாமா இதப் பால்டீயோட முழுங்குறாரே?"

"வெறுந்தண்ணிதான். பாலு, குதிரைப்பால் குமிஸ் எல்லாம் ரெண்டு மணி நேரம் தள்ளி."

"காச்சல் விட்டா நிறுத்திரலாமா?"

"கூடாது. எழுதின நாள் முச்சூடும் தின்னணும்."

அசங்குல் சோப்பு அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது. கோபமா? வெட்கமா? கடைசியில், திரும்பாமலே சொன்னார்: "வேற என்ன கேக்கணுமோ கேளு மகளே. நான் நிக்கிறேன்."

யாருக்கு எழுதியது என்று கேளுங்கள்! எதோடு விழுங்குவது என்று கேளுங்கள்! எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள்! வயிற்றுப் பிள்ளையைச் சொல்லிக் கேளுங்கள்! வரிசை முனகட்டும், வாய் மூடாதீர்கள்!

அன்று மாலை ஜப்பார் வந்து விரிப்பின் ஓரம் உட்கார்ந்து கையை நீட்டினார். அசங்குல் மாத்திரைப் பெட்டியைத் தொடைக்கடியில் தள்ளினார்.

"ரொட்டி எடு, கறி எடு, குதிரை வேணும்னாலும் ஓட்டிட்டுப் போ. இதுல கை வச்ச, அவ்வளவுதான்!"

"என்ன அண்ணே, கஞ்சனாயிட்டீங்க?"

"ஆமாடா. பேரப்பிள்ளை வரப்போகுது, தூக்க உடம்பு தேறணும்ல."

பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. நலமாய் வீடு சேருங்கள். வணக்கம்!