சேர்ந்து திரும்பிய இரண்டு தாள்கள்

— ...அதான் முதல் குறிப்பு. பியானோக்காரருக்குக் கவனம் சிதறிச்சு. மூணே செகண்டு. மொத்தக் கச்சேரியும் தடுமாறிப் போச்சு. சொல்றேன் கேளு, நாளைக்குப் பிரசங்கத்தை அங்கதான் ஆரம்பிக்கப் போறேன்.

— அவர் பேரைச் சொல்லியாண்ணே?

— பேரெல்லாம் எதுக்கு. 'ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன்'னு பொதுவாச் சொல்லுவேன். சபையில பாதிப் பேர் நேத்து அங்கதான் இருந்தாங்க, புரிஞ்சுக்குவாங்க. நீ அவர் பக்கத்துலயே நின்னு நோட்ஸ் பக்கம் திருப்பினவ. நீ பார்த்ததையும் சொன்னா இன்னும் நல்லா எழுதிருவேன்.

— நிக்கல, உக்காந்திருந்தேன். திருப்பும்போதுதான் எந்திரிப்பேன்.

— சரி, உக்காந்திருந்த. ரெண்டாவது குறிப்பு, வயலின்காரம்மா. அவர் வாசிப்பு நின்னதும் அவங்க முறைக்கல. வாசிச்ச வரியையே திரும்ப வாசிச்சுக் காத்திருந்தாங்க, அவர் வந்து சேர்ந்துக்கிட்டார். தடுக்கி விழுந்தவனுக்காகக் காத்திருக்கிற தேவன். எப்படி?

— நல்லாருக்கு. மூணாவது?

— அதுதான் இன்னும் கிடைக்கல. பக்கத்து ரூம்ல பாப்பா வேற காலையிலேர்ந்து வாசிச்சுத் தள்ளுறா, யோசிக்க விடமாட்டேங்குறா. வாசிக்கட்டும். விடிஞ்சதும் கச்சேரி நடத்துற மாஸ்டர் போன் பண்ணிட்டார்ல. அந்தப் பியானோக்காரரை வேலையை விட்டு நிறுத்திட்டாராம். இன்னிக்குச் சாயந்தரக் கச்சேரியில அந்த ஸ்டூல்ல உன் மருமக. நாலு வருஷ ஜெபம்மா. கர்த்தர் ஒரே ராத்திரியில கதவைத் திறந்துட்டார்.

— இப்ப பாப்பா வாசிக்கிற இடம் கேக்குதா? அங்கதான் நேத்து நின்னுச்சு.

— இதுவா? இது ஒண்ணும் அவ்வளவு கஷ்டமாத் தெரியலையே. பதினெட்டு வருஷம் வாசிச்சவர் இங்க போய் ஏன் தடுக்கினார்?

— அவர் தடுக்கலண்ணே. நான் ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிட்டேன்.

— என்ன சொல்ற?

— கச்சேரிக்கு முன்னாடி ஒவ்வொரு தாளுக்கும் கீழ்மூலையில சின்னதா ஒரு மடிப்பு வெப்பேன், விரல்ல தனித்தனியா சிக்குறதுக்கு. நேத்து பாதி புஸ்தகம்தான் மடிச்சேன். உங்களுக்கு முன் வரிசையில இடம் கேட்டு வாசல்ல நின்னேன்ல.

— அப்ப பழி என் மேலயா?

— இல்லண்ணே. அப்புறமும் நேரம் இருந்துச்சு. போதும்னு விட்டுட்டேன்.

— மாஸ்டருக்கு இது தெரியாதா?

— முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் 'யார் தப்பு'ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பியானோக்காரர் கையைத் தூக்கிட்டார். 'எனக்குத்தான் கவனம் போயிருச்சு, வயசாகுதுல்ல'ன்னார். ஏன் சார் இப்படின்னு வெளிய வந்து கேட்டேன். 'உன்னைன்னா வேலையை விட்டே அனுப்பிருவாங்க, என்னைத் திட்டிட்டு விட்ருவாங்க'ன்னார். அவர் கணக்கு தப்பாப் போச்சு.

— இரு இரு. பேனா எங்க... இந்தா இருக்கு. குத்தம் பண்ணது ஒருத்தர், தண்டனை வாங்கினது இன்னொருத்தர். அதுவும் தானா முன்வந்து. இதுதான்ம்மா மூணாவது. மூணாவது என்ன, பிரசங்கமே இதுதான். முதல் ரெண்டையும் அடிச்சிடுறேன்.

— அடிங்க.

— சுவிசேஷத்தையே மேடையில பார்த்துட்டு வந்திருக்கேன், எனக்கே தெரியல பாரு. உனக்கு உடம்பு சிலிர்க்கலையா?

— இல்லண்ணே. காலையில எந்திரிச்சதும் அவர் வீட்டுக்குப் போனேன். மேடைக்குப் போடுற கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தார். எதுக்கு சார்னா, பழக்கம்ங்கிறார். எனக்கு அழுகை வந்துருச்சு. ...என்னண்ணே, எழுதுறதை நிறுத்திட்டீங்க?

— இல்ல... நீ உண்மையைச் சொன்னா மாஸ்டர் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்குவாரா?

— கண்டிப்பா.

— அப்ப பாப்பா?

— முன் வரிசையில உக்காந்து கேப்பா. பக்கத்துல நானும் உக்காருவேன்.

— மெதுவாப் பேசு, அவ காதுல விழப்போகுது. சொல்றேன் கேளு. அந்த மனுஷன் உனக்காக மனசார ஒண்ணு பண்ணியிருக்கார். நீ போய் அதைக் கலைச்சா அவர் செஞ்சதே வீணாயிரும். கிருபைன்னா வாங்கிக்கத் தெரியணும்மா.

— இது நாலாவது குறிப்பாண்ணே?

— கிண்டல் பண்ணாத. பெத்தவன் நான். எத்தனை இடத்துல வாசிச்சுக் காட்டிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கா, உனக்குத் தெரியாதா? நேத்துத்தான் கடைசி, இனிமே தொடமாட்டேன்னு மூடி வெச்ச பியானோ அது. இந்த ஒரு வாட்டி விட்டுரு. பிரசங்கத்துக்கு நான் வேற ஏதாவது பார்த்துக்கிறேன். மாஸ்டர் வீட்டுப் பக்கம் மட்டும் போயிராத.

— அங்கேர்ந்துதான் வர்றேண்ணே. சாயந்தரம் பியானோக்காரரே வாசிக்கிறார், பக்கம் திருப்ப வேற ஆள். நான் வந்தது பாப்பாகிட்ட மன்னிப்புக் கேக்க. நீங்கதான் வாசல்லயே புடிச்சு உக்காரவெச்சு, பிரசங்கத்துக்கு மூணு குறிப்பு இருக்கு கேளுன்னீங்க.