சொந்தத்தில் கட்டாத நெல்லி

ஏரலிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். பூத்த நெல்லிக் கிளைகளை வாளித் தண்ணீரில் வைத்து, மடியில் ஏந்தியிருந்தவள் சொன்னாள்: "எங்க நெல்லிக்கு சொந்தத்துல கட்டுனா ஆகாதாம், மதினி."

"மரத்துக்கு என்னளா சொந்தம்?"

"எம்மவ காலேஜ்ல படிக்கால்லா, அவதான் சொன்னா. மகரந்தம் பூவுல விழுந்து, குழாய் விட்டு உள்ள இறங்குமாம். அதுல உள்ள புரதத்த வச்சு, இது நம்ம மரத்துதுன்னு பூ கண்டுபிடிச்சு, பாதியிலயே நிறுத்திருமாம். அதான் வருசா வருசம் பூக்கு, ஒரு காயில்ல."

"பக்கத்துல இன்னொன்னு வச்சியே?"

"அதும் அதே மரத்து ஒட்டுக்கன்னுதான். இந்தக் கிளை எங்கம்மா வீட்டு மரத்துது, வேற ரகம். மரத்துல கட்டித் தொங்கவிட்டா தேனீ பாத்துக்கிடும்."

"நான் மாமன் மவனத்தானளா கட்டுனேன். மூணு பெத்துட்டேன்."

"மரத்துக்கு ரோசம் கூட, மதினி."

இருவரும் சிரித்து அடங்குவதற்குள் போன் அடித்தது. எடுத்ததும் அவள் குரல் மாறியது.

"நெல்லிய வெட்ட ஆளு வந்தாச்சா? ஐயோ, மரத்துல கை வைக்கச் சொல்லாதீங்க. இந்த ஒரு வருசம் பாப்பம்ங்க."

பதிலைக் கேட்டுப் போனை வைத்தாள். பிறகு மதினியைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க வீட்டுக்காரவ சரின்னுட்டாவ. ஆளத் திருப்பி அனுப்புதாவளாம்."

மதினி வாளியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

"கை கடுக்கும், குடு. காய்ச்சா மொத ஊறுகா எனக்கு."